பதினைந்தாவது கிலோமீட்டர்

திருவண்ணாமலை
12.01.2026

அன்புள்ள சிந்துஜாவுக்கு,

அப்பா எழுதுவது. உன் விலாசத்தை உன்னோடு படித்த ஹைமவதியிடம் கேட்டேன். குருக்கள் வீட்டுப் பெண் அல்லவா, உன்னைக் கேட்காமல் தர மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவளே வந்து, "கடுதாசின்னா எழுதட்டும், போன் மட்டும் வேணாம்னு சொல்லிட்டா மாமா" என்று ஒரு சீட்டைக் கொடுத்தாள். அதற்கே உனக்கு நன்றி சொல்ல வேண்டும். என் நம்பரிலிருந்து போன் வராமல் நீ நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது.

நான் ரிட்டையர் ஆனது உனக்குத் தெரிந்திருக்கும். முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராகப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவனுக்கு வீட்டில் உட்கார வரவில்லை. போன வருஷம் சர்க்கரை முந்நூற்றுப் பத்து காட்டியது. டாக்டர் நடக்கச் சொன்னார். கிரிவலப் பாதையில் நடக்க ஆரம்பித்தேன். அங்கே காலையில் ஏழெட்டுப் பேர் ஓடுவார்கள். தேரடித் தெருவில் கடிகாரக் கடை வைத்திருக்கிற மஸ்தான்தான் அவர்களுக்குத் தலைவன் மாதிரி. "சும்மா நடந்துனே இருந்தா எப்படிண்ணே, ஒரு நூறு மீட்டர் ஓடிப் பாருங்க" என்றான். ஓடினேன். முதல் நாள் வாந்தி எடுத்தேன். இப்போது மலையை ஒரு சுற்று, பதினாலு கிலோமீட்டர், நிற்காமல் ஓடுகிறேன். சிரிக்காதே. அறுபத்தோரு வயதில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறேன்.

பிப்ரவரி எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் மாரத்தான் வைக்கிறார்கள். இருபத்தோரு கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். உனக்கும் பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மெதுவாக ஓடினால் போதும், நடந்தால்கூடப் போதும். டிப்போவில் பழைய ஆட்களிடமெல்லாம் என் பெண்ணும் வருகிறாள் என்று சொல்லியிருக்கிறேன். முதல் நாள் சாயங்காலம் வந்தால் போதும். பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன்.

ஓடும்போது உன் நினைப்புதான் வருகிறது. அதைப் பற்றி நேரில் பேச வேண்டும்.

அப்பா
சோமசேகரன்

❖

ஓசூர்
19.01.2026

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சர்க்கரைக்கு மாத்திரையும் போடுங்கள். ஓடினால் மட்டும் போதாது.

நான் வரவில்லை.

என் பெயரை யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்? இருபது வயதில் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு வந்து சொன்னீர்கள். அடி தாங்காமல் ஆரணியில் புகுந்த வீட்டிலிருந்து நான் வந்தபோது, வாசலில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நீங்களே டிக்கெட் கிழித்து என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டீர்கள். அப்புறம் நானாகத் தப்பித்து இங்கே வந்து ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் முன்னால் ஆரணிக்காரர்கள் வந்து கேட்டார்கள் என்று என் விலாசத்தைக் கொடுத்தீர்கள். அந்த மனிதன் கம்பெனி கேட்டில் நின்று, ஷிப்ட் விட்டு வருகிற எண்ணூறு பேருக்கு முன்னால் கத்தினான். விவாகரத்து வாங்க அதற்குமேல் எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. நீங்கள் ஒரு நாள்கூட கோர்ட்டுக்கு வரவில்லை. இப்போது பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள்.

இதுவும் அதுவும் ஒன்றா என்று கேட்பீர்கள். எனக்கு ஒன்றுதான்.

இன்னொன்று. நான் ஓட்டக்காரி இல்லை. பத்தாவது முடித்த வருஷமே அது தெரிந்துபோயிற்று. டிப்போவில் சொன்னவர்களிடம் பெண்ணுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். நிஜமாகவே கிடைக்காது. நான் இப்போது லைன் சூப்பர்வைசர். என் கீழே நாற்பது பெண்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் ஓடுங்கள். தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடுங்கள்.

சிந்துஜா

❖

திருவண்ணாமலை
09.02.2026

அன்புள்ள சிந்துஜாவுக்கு,

நேற்று போட்டி முடிந்தது. நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

உன் பெயரில் வந்த நம்பர் அட்டையை நான் வாங்கவில்லை. நீ கோபப்பட்டது சரி.

காலை ஐந்தரைக்கு விட்டார்கள். முதலில் செங்கம் ரோட்டில் போய்த் திரும்பி, அப்புறம் கிரிவலப் பாதையில் ஒரு சுற்று. ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் நின்று கைதட்டினார்கள். கொஞ்சம் தள்ளி, டியூட்டிக்குப் போகிற நம் டிப்போ ஆட்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "சோமு அண்ணே! ரைட், போலாம்!" என்று விசில் ஊதினார்கள். அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் இல்லை. பழகிய வேகத்தை விட்டுவிட்டேன். மஸ்தான் பக்கத்திலேயே வந்து, "அண்ணே, ஸ்பீடு ஜாஸ்தி. கம்மி பண்ணுங்க, இன்னும் முக்கால்வாசி கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்த இடத்திலும் நிற்கவில்லை. நீ எழுதியிருந்தாய். அப்படியும் நிற்கவில்லை.

அடி அண்ணாமலை வந்தபோது பதினைந்து கிலோமீட்டர். வலது கெண்டைக்கால் கல் மாதிரி இழுத்துக்கொண்டது. விழுந்துவிட்டேன். மஸ்தான் காலை நீவிப் பார்த்தான். அவனுக்கு நேரம் போகிறது. "நீ போ" என்று துரத்தினேன். போகமாட்டேன் என்றான். கோபமாகக் கத்தினேன், போய்விட்டான். நான்கு மாதம் என்னை ஓட வைத்தவன். அவனையும் அப்படித்தான் அனுப்பினேன்.

அங்கே பச்சையம்மாள் என்று ஒரு அம்மா மோரும் வாழைப்பழமும் விற்கிறாள். கைத்தாங்கலாகக் கடைக்குள் உட்கார வைத்து, மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். என் முகத்தையே பார்த்தாள். "நீ கண்டக்டர்தானே? உன் பொண்ணு விடியக்காலைல இந்த ரோட்ல ஓடுமே. பள்ளிக்கூடத்துப் பாவாடைக்குள்ள பேண்ட்டப் போட்டுனு. எங்கடா தடுக்கி வுழப்போவுதோன்னு நான் பாத்துனே இருப்பேன், வுழவே வுழாது. இப்ப எங்க இருக்குது? ஏன் வுட்டுடுச்சி?" என்றாள்.

நான் மோரைக் குடித்தேன்.

அதற்குமேல் நடக்கத்தான் முடிந்தது. ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒருவர் தாண்டினார். கடைசி ஆளுக்குப் பின்னால் வருகிற வேன் என்னிடம் வந்து நின்றது. "ஐயா, ஏறிக்குங்க. ஒம்போது மணிக்கு ரோட்ட தொறந்துடுவாங்க" என்றார்கள். ஏறவில்லை. ரோட்டைத் திறந்தார்கள். ஆட்டோவும் பைக்குமாக வந்துவிட்டது. ஓரத்து மண்ணில் காலை இழுத்துக்கொண்டு போனேன்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு டவுன் பஸ் நின்றது. கண்டக்டர் திருமலை. நான்தான் அவனுக்கு வேலை பழக்கினேன். படியில் நின்று, "அண்ணே, ஏறுங்கண்ணே. டிக்கெட் வேணாம்" என்றான். பஸ் முழுக்க என்னைப் பார்த்தார்கள்.

ஏறிவிட்டேன் சிந்து. நெஞ்சில் நம்பரைக் குத்திக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். மூன்றரைக் கிலோமீட்டர்.

மைதானத்துக்குப் போனபோது முடிவுக்கோட்டு வளைவைக் காற்று இறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் என் நம்பரைப் பார்த்துவிட்டு, "பெருசு, மெடல் மிச்சம் இருக்குது, ஒண்ணு எடுத்துக்குங்க" என்றான். வேண்டாம் என்றேன். "பரவால்ல, யார் கேக்கப் போறாங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து குளிக்காமல் படுத்துவிட்டேன். இன்று கால் ஊன்ற முடியவில்லை.

அப்பா

❖

ஓசூர்
14.02.2026

அப்பாவுக்கு,

நீங்கள் விழுந்ததை ஹைமவதி அன்றே சொல்லிவிட்டாள். உங்கள் கடிதம் வரட்டும் என்றிருந்தேன்.

ஐஸ் வையுங்கள். சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள். மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரைக்காரர் சும்மா விடக்கூடாது.

பஸ்ஸில் ஏறியதற்கு இவ்வளவு வருத்தப்படாதீர்கள். படித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் வந்தது.

தோற்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், அதனால் சொல்கிறேன். பத்தாவது லீவில் விளையாட்டு விடுதிக்கு ட்ரையல் வைத்தார்களே, நினைவிருக்கிறதா? ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். நான்தான் முதலில் வந்தேன். ஜோதியம்மாள் டீச்சர் வாட்சைக் காட்டி, "சீட்டு உனக்குத்தாண்டி" என்றார். பதினைந்து நாள் தபாலுக்குக் காத்திருந்தேன். நீங்கள் டியூட்டி முடித்து வரும்போதெல்லாம் கேட்பேன், நீங்களும் பாவம் வரவில்லை வரவில்லை என்பீர்கள். மற்ற ஊர்களில் என்னைவிட வேகமாக ஓடியவர்கள் இருந்திருப்பார்கள் என்று அப்புறம் புரிந்தது. அன்று அது புரியாமல், டைம் தப்பாக எழுதியிருப்பார் என்று டீச்சர் வீட்டுக்கே போய்க் கத்தினேன். ஏமாற்றுக்காரி என்றுகூடச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அதற்குப் பிறகு அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஒரு வருஷம் தூக்கம் வராது. அப்புறம் பழகிவிடும். நமக்கு அவ்வளவுதான் கால் என்று தெரிந்துகொண்டால் ஒரு மாதிரி நிம்மதிகூட வரும். உங்களுக்கும் வரும்.

ஏப்ரலில் மூன்று நாள் லீவு இருக்கிறது. வருவேன் என்று சொல்லவில்லை. இருக்கிறது, அவ்வளவுதான்.

சிந்துஜா

❖

திருவண்ணாமலை
18.02.2026

சிந்துஜாவுக்கு,

உன் கடிதத்தை நேற்று மத்தியானம் படித்தேன். அப்போதிலிருந்து இதை எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

அந்தத் தபால் வந்தது.

நான் அன்று வார விடுப்பில் வீட்டில் இருந்தேன். நீ ரேஷன் கடைக்குப் போயிருந்தாய். தபால்காரர் என் கையில் கொடுத்தார். உனக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஜூன் பத்தாம் தேதிக்குள் விடுதியில் சேர வேண்டும் என்று இருந்தது. உன் பெயரைத் தட்டச்சில் அடித்திருந்தார்கள்.

ட்ரையல் முடிந்து உன் போட்டோ பேப்பரில் வந்ததே, அதை டிப்போவில் ஒருவன் எல்லோருக்கும் விரித்துக் காட்டினான். "சோமு, உன் பொண்ணு தொடை பேப்பர்ல வந்திருக்குது" என்றான். பத்துப் பேர் சிரித்தார்கள். அவன் சட்டையை நான் பிடித்திருக்க வேண்டும். உன்னைப் பிடித்தேன். அம்மா இல்லாத பெண், வெளியூர் விடுதி, நாளைக்கு ஏதாவது ஆனால் என்னைத்தானே கேட்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய் இல்லை. ஆனால் முதலில் வந்தது அந்தச் சிரிப்புதான்.

நான்கு நாள் டிக்கெட் பையில் வைத்திருந்தேன். தினமும் நீ வாசலில் நின்று கேட்டாய். ஐந்தாம் நாள் செங்கம் ட்ரிப்பில் நாலாகக் கிழித்துப் படியிலிருந்து காற்றில் விட்டேன். அதற்குப் பிறகும் நீ பத்து நாள் கேட்டாய். நீ ட்ரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை என்றுதான் சொன்னேன்.

உன்னைவிட வேகமாக யாரும் ஓடவில்லை சிந்து.

அடி அண்ணாமலையில் பச்சையம்மாள் கேட்டபோது மோரைக் குடித்தேன் என்று எழுதியிருந்தேன். குடித்துவிட்டு ஒன்று சொன்னேன். "அதுவா வுட்டுடுச்சிம்மா" என்றேன். கால் இழுத்துக்கொண்டு, எழுந்து நிற்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தபோதும் எனக்கு அந்தப் பொய்தான் முதலில் வந்தது. அதற்குமேல் என்னால் ஓட முடியாமல் போனது காலால் மட்டும் இல்லை.

இதைச் சொல்லத்தான் உன்னை வரச் சொன்னேன். வந்திருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.

உன் அப்பன்

❖

ஓசூர்
27.02.2026

உங்களுக்கு,

நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

மன்னிப்பு என்ற சொல்லை நீங்கள் எழுதவில்லை. அது ஒன்றுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது.

நீங்கள் பாரத்தை இறக்கி வைத்துவிட்டீர்கள். அதை வைத்த இடம் என் தலை. போன வாரம் வரை நான் ஒரு ட்ரையலில் தோற்றவள். அது எனக்குப் பழகியிருந்தது. உங்களுக்குக்கூட அதை எடுத்துக் கொடுத்து ஆறுதல் சொன்னேன். எனக்கு அவ்வளவுதான் கால் என்று நம்பித்தான் நீங்கள் காட்டிய மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினேன். ஆரணியில் நான்கு வருஷம் அடி வாங்கியபோதும் அதையேதான் நினைத்தேன். இதற்குமேல் நமக்கு என்ன என்று. உங்களுக்கு விளங்குகிறதா? நீங்கள் கிழித்தது ஒரு சீட்டை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரை ரோட்டில் ஓடிப் பார்த்தேன். இருநூறு மீட்டர் இருக்கும். பத்து வருஷம் லைனில் நின்ற முட்டி இரண்டும் உள்ளே உரசுவது காதில் கேட்டது. அப்படியே மைல்கல் மேல் உட்கார்ந்தேன். அந்தப் பதினைந்து வயதுக் கால் எங்கேயோ எனக்காக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன் போல. இல்லை. போய்விட்டது. நீங்கள் உண்மையைச் சொன்னதால் அது திரும்பி வராது.

ஓடுவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதாதீர்கள். அதையும் எனக்காகச் செய்ததாக ஆக்காதீர்கள். ஓடினாலும் என்னை நினைத்து ஓடாதீர்கள்.

ஒரே ஒரு காரியம் உண்டு. ஜோதியம்மாள் டீச்சர் ரிட்டையர் ஆகிக் கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாராம். விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீங்கள் நேரில் போக வேண்டும். தபாலைக் கிழித்தது நீங்கள்தான் என்று உங்கள் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, இத்துடன் இருக்கிற சின்னக் கவரை அவரிடம் கொடுக்க வேண்டும். ஒட்டியிருக்கிறேன். பிரிக்கக் கூடாது.

நானே நேராக அவருக்குத் தபாலில் போடலாம். போட்டால் போய்ச் சேரும். ஆனாலும் ஒரு தபாலாவது உங்கள் கையிலிருந்து சேர வேண்டியவரிடம் சேரட்டும்.

கொடுத்ததும் 'கொடுத்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுதுங்கள். அதோடு எழுத வேண்டாம். ஏப்ரலைப் பற்றி நான் எழுதியிருந்ததை மறந்துவிடுங்கள்.

சிந்துஜா

❖

திருவண்ணாமலை
06.03.2026

சிந்துஜாவுக்கு,

கொடுத்துவிட்டேன்.

நீ ஒரு வரிதான் கேட்டாய். மீதியை நீ படிக்காமல் விட்டாலும் சரி. ஆனால் அங்கே நடந்ததில் ஒரு பாதி உனக்குத் தெரியாது. அதை இனிமேலும் என்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதுகிறேன்.

நேற்று காலை பஸ்ஸில் போனேன். கவரைச் சட்டைப் பைக்குள் வைத்து, வழி முழுக்கக் கையை அதன் மேலேயே வைத்திருந்தேன். டீச்சர் வாசலில் சாக்கை விரித்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "நான் சிந்துஜா அப்பா" என்றேன். உடனே எழுந்துவிட்டார். "எந்த சிந்துஜா" என்று கேட்கவில்லை.

நின்றபடியே சொன்னேன். தபால் வந்தது, நான் கிழித்தேன், உங்களைத் திட்டும்படி அவளை விட்டேன் என்று. சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பதினெட்டு வருஷம் வைத்திருந்தது அவ்வளவு சின்னதாக இருந்தது.

அவர் கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டார். "நான் வாட்ச்ச லேட்டா அழுத்திட்டேன்னு நெனைச்சினு இருந்தேங்க" என்றார். "அஞ்சு நிமிஷம் ரெண்டு செகண்டு. அந்தப் பேப்பர எத்தினி தடவ எடுத்துப் பாத்திருப்பேன் தெரியுமா? எங்கியோ நான்தான் தப்பு பண்ணிட்டேன், கொழந்த வாழ்க்கைய கெடுத்துட்டேன்னு. அதுக்கப்புறம் நான் ஒரு பொண்ணக்கூட ட்ரையலுக்குக் கூட்டினு போவல. பயம். எத்தினி பொண்ணுங்க ஓடிச்சிங்க தெரியுமா அந்தப் பள்ளிக்கூடத்துல?"

உட்கார்ந்தால் என்னைப் பார்த்து இரக்கப்படுவார் என்று பயந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டேன். கவரை நீட்டினேன். அவர் ஒட்டியிருந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நான் பிரிக்கல டீச்சர்" என்றேன். அவர் நம்பினாரா தெரியவில்லை.

கண்ணாடி போட்டுப் படித்தார். இரண்டு தடவை படித்தார் போலிருக்கிறது. அதில் உன் நம்பர் இருந்திருக்க வேண்டும். உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். அவருக்குக் காது மந்தமாம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாராம். மணி போனது எனக்கும் கேட்டது. நீ எடுத்தாய்.

அவர், "சிந்து, நான் ஜோதியம்மாடி" என்றார். என்னை நோக்கிக் கையை ஆட்டினார். போ என்றுதான் அதற்கு அர்த்தம். நான் வந்துவிட்டேன். சத்தம் வராமல் கேட்டைச் சாத்தினேன். நீங்கள் இருவரும் என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒட்டுக்கேட்கவில்லை.

ஓடப் போகவில்லை. டாக்டர் ஆறு வாரம் வேண்டாம் என்றிருக்கிறார். காரணம் கால்தான், வேறு எதுவும் இல்லை.

இனி எழுத மாட்டேன்.

மூன்று வருஷம் கழித்து உன் குரலைக் கேட்டேன். "டீச்சர்" என்று ஒரு சொல். அது எனக்குச் சொன்னது இல்லை. வெளியே வருவதற்குள் காதில் விழுந்துவிட்டது.

அப்பா